ஆயில் இருந்தது

"டக், டக், டக். அப்புறம் ஒரு டமார். சரிதானே?" மூடி ஆய்வாளர் சாப்பாட்டு மேசையை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார்.

"டமார் இல்லீங்க. டம்," என்றாள் மனைவி.

"டமார்தான். ஓட்டினவன் நான்."

"பக்கத்து சீட்ல உட்கார்ந்திருந்தவ நான். பின்சீட்ல அப்பா இருந்தார். அவரைக் கேளுங்க."

மாமனார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "எனக்குப் புகைதான் தெரிஞ்சுது மாப்பிள்ளை. காது மெஷினை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்."

ஆய்வாளர் நோட்டுப் புத்தகத்தில், 'டம் அல்லது டமார். கருத்து வேறுபாடு' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம், குன்றின் மேல் ஏறும் சாலையில், மூன்றாவது வளைவில், அவர்களுடைய டர்போ கார் டம் என்றோ டமார் என்றோ சொல்லிவிட்டு நின்றுபோனது. எஞ்சினின் பக்கவாட்டில் கைமுட்டி அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே இருக்கவேண்டிய இரும்புத் துண்டு ஒன்று வெளியே சாலையில் கிடந்தது. ஆய்வாளர் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு அவர் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலையிலிருந்து பேச்சை நிறுத்தவில்லை.

மூடி ஆய்வாளர் என்றதும் யாரும் போலீஸ் என்று பயப்பட வேண்டாம். அவர் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். அங்கே ஒரு வழக்கம். சோதித்துப் பார்த்த மாதிரி மூடிகளின் உட்பக்கத்தில் பச்சை நிறத்தில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். 'சரிபார்க்கப்பட்டது', தேதி, கையெழுத்து. வெளிப்பக்கம் ஒட்டினால் எவனாவது சுரண்டிவிடுவான் என்பது அவர் கட்சி. இந்த வியாதி வீட்டுக்கும் தொற்றியிருந்தது. சர்க்கரை டப்பா, மருந்துப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி என்று எதைத் திறந்தாலும் மூடிக்கு அடியிலிருந்து அவர் கையெழுத்து எட்டிப் பார்க்கும். மனைவி தன் நகைப்பெட்டியை மட்டும் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்திருந்தாள்.

இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் கையைத் தாண்டி ஒரு கோணல் மூடி வெளியே போனதில்லை. ஒரே ஒரு முறை, ஒரு மூடி ஒழுகுகிறது என்று புகார் வந்தது. ஆய்வாளர் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள், அது வேறு யாரோ செய்த மூடி என்று கடிதம் வந்தது. கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கியவன் அவருடைய மைத்துனன்.

இப்போது விஷயம் அந்த மைத்துனனைப் பற்றியது.

மைத்துனன் கார்களின் வேகத்தைக் கூட்டுகிறவன். எஞ்சினின் கம்ப்யூட்டருக்குள் லேப்டாப்பைச் சொருகி, டர்போ இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளும்படி மாற்றி எழுதுவான். ட்யூனிங் என்பார்கள். சொந்தமாக ஒரு ஷெட் போட்டபோது ஒருவரும் வண்டி கொண்டுவரவில்லை. "நல்லா ஓடுற வண்டியை நோண்டுறதுக்கு ஒரு தொழிலா?" என்று பெற்ற தகப்பனே கேட்டார். அப்போது ஆய்வாளர்தான் தன் காரை ஓட்டிக்கொண்டு போய் ஷெட்டுக்குள் நிறுத்தி, சாவியை அவன் கையில் வைத்தார். "பண்ணு. பார்த்துக்கலாம்."

மாமனார் அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார். ட்யூனிங்கால் இந்த எஞ்சின் போனால், பையன் ஷெட்டை மூடிவிட்டு மூடித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் சேர வேண்டும். ஆய்வாளர் அதை முறைப்படி எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். வேலைக்கான விண்ணப்பப் படிவம்கூட அன்றே வந்துவிட்டது. அலமாரியில் இருந்தது.

ட்யூனிங் முடிந்து முதல் நாள் குன்றுச் சாலையில் ஏற்றியபோது, ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். கல்யாண ஆல்பத்தில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிற மனிதர். மனைவி திரும்பிப் பார்த்தாள். அவருக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு தவறாமல் மதியம் அந்தச் சாலைக்குப் போனார். காலையில் வண்டியைத் துடைப்பார், ஆயில் பார்ப்பார், டயரைத் தட்டுவார். பிறகு போய்ச் சிரித்துவிட்டு வருவார். இப்படிப் பதினாறு ஞாயிறு ஓடியது.

ஆக, எஞ்சின் ஏன் போனது என்பது வெறும் இரும்புச் சமாசாரம் இல்லை. ட்யூனிங் என்று பதில் வந்தால் மைத்துனனின் ஷெட் போயிற்று.

"காரணத்தைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்," என்றார் ஆய்வாளர், நோட்டை மூடிக்கொண்டே. "யாரா இருந்தாலும் சரி."

"யாரா இருந்தாலும்னா?" என்று மனைவி கேட்டாள். தம்பி பேரை எடுத்தால் அவள் குரல் ஒரு சுற்று மெலிந்துவிடும்.

"யாரா இருந்தாலும்."

*

புதன்கிழமை ஷெட்டுக்குப் போனபோது எஞ்சினை வெளியே எடுத்துப் பிரித்து, பாகங்களை ஒரு பெரிய தகரத்தட்டில் பரப்பியிருந்தார்கள். மைத்துனன் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். கூடவே லேத் அக்கா இருந்தார். பக்கத்துக் கடைசல் பட்டறைக்குச் சொந்தக்காரர். எஞ்சின் வேலை என்றால் மைத்துனன் அவரைக் கூப்பிட்டுவிடுவான். மனதில் ஒன்றையும் பூட்டி வைக்கத் தெரியாத அம்மாள். அன்றைக்கு என்னவோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஆச்சு?" என்றார் ஆய்வாளர்.

"பேரிங் போயிடுச்சு அத்தான். கிராங்க்னு சுழல்ற தண்டைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற வளையம். அது தேய்ஞ்சு, ஒட்டி, ராடு முறிஞ்சு வெளிய வந்துடுச்சு."

"பேரிங் ஏன் போச்சு?"

மைத்துனன் தகரத்தட்டைப் பார்த்தான். "அது… சொல்ல முடியாது அத்தான்."

"ஆயில் போகல சார்," என்று லேத் அக்கா குறுக்கே விழுந்தார். கருநீலமாக வெந்துபோன வளையத்தை எடுத்துக் காட்டினார். "பாருங்க. ஆயில் இல்லாம காய்ஞ்சு செத்திருக்கு. டர்போ தண்டும் அப்படித்தான் ஆடுது."

ஆய்வாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆயில் இருந்தது."

"இருந்துச்சு சார். ஆனா மேல…"

"காலைலதான் பார்த்தேன். குச்சியில மேல் கோடு வரைக்கும் இருந்தது. பதினாறு ஞாயித்துக்கிழமையும் நானே சரிபார்த்திருக்கேன். நான் பார்த்த ஒண்ணை நீங்க திரும்பப் பார்க்க வேணாம்."

லேத் அக்கா வாயைத் திறந்தார். மைத்துனன் அவர் காலை மிதித்தான். ஆய்வாளர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

"விடுங்க அத்தான்," என்றான் மைத்துனன். "நல்ல பழைய எஞ்சின் ஒண்ணு கிடைக்குது. அதைப் போட்டு ஓட்டுவோம். செத்ததைக் கிளறி என்ன ஆகப்போகுது?"

ஆய்வாளரின் பேனா நின்றது. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அவருக்கு ஒன்று தெரியும். காரணத்தைத் தேட வேண்டாம் என்று எவன் சொல்கிறானோ, முதலில் அவனைத்தான் பார்க்க வேண்டும்.

இவன் மேல் பழி வரக்கூடாதே என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.

*

அன்று மாலையே கூடத்துச் சுவரில் மனைவி மாட்டியிருந்த நிலைக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை ஒட்டினார். அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார்: ஆயில். பெட்ரோல். சூடு. பம்ப். ட்யூனிங்.

முதல் வரியை உடனே சிவப்பு மையால் அடித்தார். பக்கத்தில் எழுதினார்: 'ஆயில் இருந்தது. நானே பார்த்தேன்.'

மாமனார் மாடியிலிருந்து இறங்கிவந்து, கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்துத் தலை சீவ ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். "என்ன மாப்பிள்ளை, கடைசி வரியில என் பையன் இருக்கான் போலிருக்கே."

"மேல இருக்கிறதெல்லாம் அடிபட்டாத்தான் மாமா அவன்கிட்ட வரும்."

சமையலறை வாசலில் நின்ற மனைவி இதைக் கேட்டாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான்தாங்க," என்றாள்.

"என்ன நீதான்?"

"பெட்ரோல். போன வாரம் நான்தான் போட்டேன். உயர்ந்த ரகம்தான் போடணும்னு தம்பி சொல்லியிருந்தான். நான் சாதாரணதைப் போட்டுட்டேன். அவசரத்துல."

ஆய்வாளருக்குள் ஏதோ லேசானது. ஆனால் ஒப்புதல் வாக்குமூலம் என்பது ஆதாரம் ஆகாது. மறுநாளே டாங்க்கிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோலை உறிஞ்சி எடுத்தார். அது என்ன, எப்போது எடுத்தது என்று எழுதிய ஸ்டிக்கரை வழக்கப்படி மூடிக்கு உள்ளே ஒட்டி, வெயில் படாத இடமாகப் பார்த்து மாடிப்படிக்குக் கீழே வைத்தார்.

சனிக்கிழமை பார்த்தால் பாட்டில் காலி.

"அதுவா? செடிக்கு மருந்துன்னு நினைச்சு என் ரோஜாவுக்கு ஊத்திட்டேன்," என்றார் மாமனார்.

"பாட்டில்ல எழுதியிருக்கே மாமா!"

"எங்க எழுதியிருக்கு?"

"மூடிக்கு உள்ள."

"மூடியைத் திறந்து தலைகீழாப் பிடிச்சுப் படிச்சுட்டா மாப்பிள்ளை செடிக்கு ஊத்துவாங்க?"

ஒன்பது வருட ரோஜா ஒரே நாளில் கறுத்துப்போனது. மாமனார் மாடியிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் இரண்டாவது பாட்டில் எடுத்து, அதைத் தொழிற்சாலை சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தார். உயர்ந்த ரகம். அப்பழுக்கில்லாத உயர்ந்த ரகம்.

"பொய் சொல்லியிருக்கே," என்றார் மனைவியிடம்.

"ஆமா சொன்னேன்!" அவள் டீ வடிகட்டியைத் தொட்டி விளிம்பில் படபடவென்று தட்டினாள். ஈரமான டீத்தூளோடு ஒரு பச்சை ஸ்டிக்கரும் விழுந்தது. "தம்பியைக் காப்பாத்தச் சொன்னேன். ஆவி பட்டுப் பட்டு உங்க ஸ்டிக்கர் தினமும் டீக்குள்ள விழுது, எடுத்து எறிஞ்சுட்டுப் பேசாம இருக்கேன்ல? வீட்டுல எல்லாத்தையும் சகிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்? ஒரு பொய்யை உங்களால சகிச்சுக்க முடியலையா?"

"பேச்சை மாத்தாதே. பெட்ரோல் நல்ல பெட்ரோல்."

அவர் கூடத்துக்குப் போய் இரண்டாவது வரியை அடித்தார். மனைவி அன்றிலிருந்து அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள். தேவையும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

*

அடுத்த வாக்குமூலம் மாமனாருடையது. ரோஜா செத்த கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் மகன் மகன்தானே. ஒரு காலையில் காது மெஷினைப் போட்டுக்கொண்டு இறங்கிவந்தார்.

"மாப்பிள்ளை, எழுதிக்குங்க. வண்டி நின்னதுக்கு முதல் நாள், நான் அதுல உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் ரேடியோ கேட்டேன். எஞ்சினை ஓடவிட்டு. ஏசிக்காக. அதுல சூடாகி வெந்திருக்கும்."

"ரெண்டு மணி நேரமா?"

"ரெண்டரைன்னே வச்சுக்குங்க."

சூடு என்பது மூன்றாவது வரி. நின்ற இடத்தில் இரண்டரை மணி நேரம் ஓடினால் ஒரு எஞ்சின் சாகுமா? இதைச் சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு, இன்னொரு எஞ்சினை இரண்டரை மணி நேரம் ஓடவிடுவது. வீட்டில் இன்னொரு எஞ்சின் இருந்தது. மாமனாரின் பழைய கார். வாசலில் உறைபோட்டு மூடி, வாரம் ஒருமுறை தடவிக்கொடுத்து வைத்திருந்தார்.

"என் வண்டியையா?" மாமனார் அலறினார்.

"நீங்க சொன்னது உண்மைதான்னு நிரூபிக்க வேணாமா மாமா?"

உண்மை இல்லை என்று சொல்லவும் முடியாமல், வண்டியைக் கொடுக்கவும் மனமில்லாமல் மாமனார் சாவியை நீட்டினார். ஆய்வாளர் கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் வரை பழைய வண்டி முனகிக்கொண்டே ஓடியது. ஒன்றேகால் மணி நேரத்தில் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. ஒன்றரை மணி நேரத்தில் ரேடியேட்டர் வாயைப் பிளந்து, வெந்நீர் வாசல் முழுக்க ஓடியது.

"ஆக, சூட்டால எஞ்சின் போகும்னு தெரியுது!" என்றார் மாமனார், அழுகையும் வெற்றியுமாக.

"போகும் மாமா. ஆனா தண்ணி கொதிச்சு வெளிய வரும். நம்ம கார்ல தண்ணி அப்படியே இருந்தது. அதையும் பார்த்தேன்." அவர் போய் மூன்றாவது வரியை அடித்தார்.

மாமனார் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். பழைய காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் ஷெட்டில் டர்போ காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மைத்துனன் ஒன்றும் கேட்கவில்லை. "நான் பார்த்துக்கிறேன் அத்தான்," என்று மட்டும் சொன்னான். அவன் நல்லவனாக இருப்பது ஆய்வாளருக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

*

இப்போது வீட்டில் ஓடுகிற வண்டியே கிடையாது. ஆய்வாளர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். தொங்கியபடியே யோசித்தார். மைத்துனனின் லேப்டாப்பில் காரின் ஓட்டம் பூராவும் பதிவாகியிருந்தது. அதைப் பிரதி எடுத்து வாங்கி வந்திருந்தார். டர்போவின் அழுத்தம் கடைசி நொடிவரை அளவோடுதான் இருந்தது. ஆயிலின் அழுத்தம் மட்டும் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அந்த ஞாயிறன்று மூன்றாவது வளைவில் பூஜ்யத்தைத் தொட்டிருந்தது.

ஆயில் இருந்தது. அழுத்தம் இல்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? பம்ப்!

நேராக ஷெட்டுக்குப் போனார்.

"ஆயில் பம்பைக் கொடு. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கணும்."

மைத்துனன் எடுத்துக் கொடுத்தான். ஆய்வாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி ஒரு சல்லடை இருக்குமே. ஆயிலை உறிஞ்சுற இடத்துல."

"இருக்கும்."

"அதுல ஏதாவது அடைப்பு?"

"சுத்தமாத்தான் இருந்துச்சு அத்தான்." அவன் தலை நிமிராமல் ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே பளபளவென்று இருந்த போல்ட்.

பின்னால் லேத் அக்காவின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. "எனக்கு நெஞ்சு அடைக்குது, நான் என் பட்டறைக்குப் போறேன்," என்று அவர் கிளம்பிவிட்டார். வயசாகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார்.

பம்பைச் சோதிக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் சமையலறை. வாளியில் ஆயில். வாளிக்குள் பம்ப். பம்பின் தலையில் துளைபோடும் மெஷினை மாட்டி முடுக்கினார். பம்ப் வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு உடனே பதில் கிடைத்தது. கறுப்பு ஆயில் கூரைவரை பீய்ச்சியடித்து, சுவரில் வழிந்து, அலமாரியில் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களின் மேல் சொட்டியது.

"பம்ப் பிரமாதம்!" என்று கத்தினார்.

மனைவி வாசலில் வந்து நின்று பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பாத்திரங்களைப் பார்த்தாள். கணவனின் மூக்கு நுனியில் தொங்கிய சொட்டைப் பார்த்தாள். உள்ளே போய், தலையணையையும் மாற்றுத்துணியையும் எடுத்துக்கொண்டு, மாடிக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். பதினான்கு படிகள்தான் தூரம். ஆனாலும் பிறந்த வீடு பிறந்த வீடுதான்.

*

கூடத்தில் ஆய்வாளரும் அந்தத் தாளும் மட்டும் மிஞ்சினார்கள். நான்கு வரிகளில் சிவப்பு மை. ஐந்தாவது வரி அப்படியே இருந்தது.

ஆயில் இருந்தது. பெட்ரோல் சுத்தம். சூடு இல்லை. பம்ப் பிரமாதம். அப்படியானால் டர்போவின் கூடுதல் பலத்தைத் தாங்காமல்தான் பேரிங் போயிருக்க வேண்டும். அதாவது ட்யூனிங். பதிவில் அழுத்தம் அளவோடுதானே இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு குரல் உறுத்தியது. ஆனால் வேறு வரி இல்லையே. அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை, குன்றுச் சாலையில் தன் வாயிலிருந்து வந்த அந்தச் சிரிப்பை, அவனல்லவா கொடுத்தான்.

அப்போது மைத்துனன் வந்தான். கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா எங்க?"

"மாடியில."

"எத்தனை நாளா?"

"மூணு."

மைத்துனன் தாளின் முன்னால் போய் நின்றான். முதல் வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மேசையிலிருந்து பேனாவை எடுத்து, கடைசி வரிக்குப் பக்கத்தில் 'சரி' என்று போட்டான்.

"எழுதிக்குங்க அத்தான். ட்யூனிங்தான் காரணம்."

"நிஜமாவா?"

"நிஜமா. நான் அளவுக்கு மீறிட்டேன்."

"பதிவுல அப்படிக் காட்டலையே."

"பதிவையும் நான்தானே எழுதுறேன்." அவன் சிரிக்க முயன்றான். "அந்த விண்ணப்பத்தைக் கொடுங்க. ஞாயித்துக்கிழமை ஷெட்டுல வச்சு எல்லார் முன்னாடியும் கையெழுத்துப் போட்டுடறேன். அக்காவைக் கீழ வரச் சொல்லுங்க. சாப்பிடுங்க. இளைச்சுப் போயிட்டீங்க."

அவன் போன பிறகு ஆய்வாளர் அலமாரியிலிருந்து அந்த விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். காரணம் கிடைத்துவிட்டது. கிடைத்ததும் வரவேண்டிய நிம்மதி மட்டும் வரவில்லை.

*

ஞாயிறு காலை எல்லோரும் ஷெட்டில் கூடினார்கள். மாமனார் காது மெஷினோடு வந்திருந்தார். மனைவி தம்பிக்குப் பக்கத்தில், கணவனுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றாள். அழுது முடித்த முகம். சுவரில் மாட்டியிருந்த கருவிகளை மைத்துனன் ஏற்கெனவே கழற்றிப் பெட்டியில் அடுக்கியிருந்தான். மாட்டியிருந்த இடங்களில் மட்டும் சுவர் வெள்ளையாக இருந்தது.

ஆய்வாளர் பதினோரு பக்க அறிக்கையை வேலை மேசையில் வைத்தார். பக்கத்தில் விண்ணப்பப் படிவம்.

"நான் சந்தோஷமா இதைச் செய்யல," என்றார். "அவனுக்கு மொத வண்டி கொடுத்தவன் நான். ஆனா தப்புன்னா தப்புதான். நான் பண்ணியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்."

"தெரியும் அத்தான்," என்றான் மைத்துனன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டான்.

மாமனார் கனைத்தார். மகன் தோற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டவர், இப்போது எதற்கோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். குடும்பத்துக்கு வெளிய ஒருத்தர்," என்று ஆய்வாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். பட்டறை வாசலில் லேத் அக்கா நின்றிருந்தார். "நீங்க போடுங்கம்மா."

லேத் அக்கா வந்தார். கையெழுத்துப் போடவில்லை. அறிக்கையின் முதல் பக்கத்தைக் கையில் எடுத்து உரக்கப் படித்தார். "'ஆயில் இருந்தது. பதினாறு ஞாயிற்றுக்கிழமைகளும் நானே மூடியைத் திறந்து சரிபார்த்தேன்.' பதினாறா சார்?"

"பதினாறு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பதினஞ்சு இல்லையே?"

"பதினாறு," என்றார் ஆய்வாளர், கொஞ்சம் சூடாக. "எண்ணிக்கையில நான் தப்பு பண்ணமாட்டேன்."

"அக்கா, வேணாம்," என்றான் மைத்துனன் பதறிப்போய்.

"சும்மா இருடா. நானும் மூணு வாரமா மென்னு முழுங்கிட்டேன், இனிமே தொண்டையில எடமில்ல." லேத் அக்கா தன் மேலங்கிப் பையிலிருந்து ஒரு பழைய கிரீஸ் டப்பாவை எடுத்து, அதை அறிக்கையின் மேல் கவிழ்த்துத் தட்டினார். ஆயில் பிசுக்கோடு வட்ட வட்டமாக ஏதோ துண்டுகள் கொத்தாக விழுந்தன.

"பதினாறு ஸ்டிக்கரும் சரியா இருக்கு சார், எல்லாத்துலயும் உங்க கையெழுத்து, ஆயில் மூடிக்கு அடியில இருந்து விழுந்து விழுந்து சல்லடையை அடைச்சிருந்ததை நாங்க மொத நாளே உரிச்சு எடுத்துட்டோம், 'அத்தான் மறுபடியும் சாப்பிடாம படுத்துடுவார்க்கா'ன்னு உங்க மச்சான்தான் என்னை வாயைத் திறக்க விடல."